கூப்பன் வெட்டியவனின் அமெரிக்கா
(வாசகர் கேள்வி – பதில்)

போன இதழில் உரும்பிராய் மாணவி ஒருவர், உயர்தர வரலாற்றுப் பாடத்துக்காக அமெரிக்காவின் 1970கள் பற்றிக் கேட்டிருந்தார். இடம் போதாமல் நாலு வரியில் முடித்துவிட்டேன். அந்தக் கோபத்தில் அவர் திரும்பவும் எழுதியிருக்கிறார். அவரைப் பார்த்து இன்னும் பலர் எழுதியிருக்கிறார்கள். ஆகவே இந்த முறை மூட்டுவலிக்கும் சனி மாற்றத்துக்கும் விடுமுறை.

கேள்வி: ஐயா, 1970களில் அமெரிக்காவை மாற்றிய ஒரே ஒரு நாளைச் சொல்லச் சொன்னால் எதைச் சொல்வீர்கள்? எங்கள் ரீச்சர், நிக்சன் பதவி விலகிய நாள் என்கிறார்.
(உயர்தர மாணவி, உரும்பிராய்)

ரீச்சரோடு சண்டைக்குப் போகாதீர்கள் பிள்ளை. சோதனையில் அவர் சொன்னதையே எழுதுங்கள். என்னைக் கேட்டால் 1971 ஓகஸ்ட் 15 என்பேன். ஞாயிற்றுக்கிழமை இரவு.

கதை 1944இல் தொடங்குகிறது. அமெரிக்காவில் பிரெட்டன் வூட்ஸ் என்ற இடத்தில் 44 நாடுகள் கூடி ஓர் ஏற்பாடு செய்தன. மற்ற நாட்டுக் காசுகள் டொலரோடு கட்டப்பட்டிருக்கும், டொலர் தங்கத்தோடு கட்டப்பட்டிருக்கும். ஓர் அவுன்ஸ் 35 டொலர். இன்னொரு நாட்டின் மத்திய வங்கி டொலரைக் கொண்டுபோய் நீட்டினால், அமெரிக்கா தங்கத்தை நிறுத்துக் கொடுக்க வேண்டும். வியட்நாமில் சண்டைக்கும் ஊரில் நலத்திட்டங்களுக்கும் அள்ளி இறைத்ததில், வெளியே உலாவிய டொலருக்கு ஈடான தங்கம் பெட்டகத்தில் இல்லாமல் போய்விட்டது. நிக்சன் தொலைக்காட்சியில் வந்து, இனித் தங்கம் கிடையாது என்று கதவைச் சாத்தினார். கூடவே, 90 நாளுக்கு யாரும் விலையையோ சம்பளத்தையோ கூட்டக்கூடாது, இறக்குமதிக்கு 10 வீத மேல்வரி என்றும் சொன்னார். சந்தைதான் எல்லாம் என்று பேசிவந்த கட்சியின் ஜனாதிபதி இதைச் செய்தார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணத்து நகைக்கடைகள் நிறைந்த கஸ்தூரியார் வீதிக் கணக்கில் சொல்கிறேன். ஓர் அவுன்ஸ் என்றால் நாலு பவுணுக்குக் கொஞ்சம் குறைவு. 35 டொலர் விலையில் ஒரு பவுண் 9 டொலர். 1980 ஜனவரியில் அவுன்ஸ் 850 டொலரைத் தொட்டது, அதாவது பவுண் 200 டொலருக்கு மேல். பொம்பிளைப்பிள்ளை பெற்ற வீடுகளில் இதற்கு விளக்கம் தேவையில்லை. ஒரு வேடிக்கையும் உண்டு. 1933இலிருந்து 1974 முடியும்வரை சாதாரண அமெரிக்கன் தங்கக் கட்டி வாங்கி வீட்டில் வைத்திருக்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. நகைக்குத் தடை இல்லை. எங்கள் அம்மாமாரின் தாலிக்கொடி அங்கேயும் தப்பியிருக்கும்.

நிக்சன் போனார், ஃபோர்ட் வந்தார், அந்த வேலை ஒரு நாளில் முடிந்தது. காசுக்கு அடித்திருந்த ஆணி கழன்றதைச் சரிக்கட்ட அவர்களுக்குப் பத்து வருடம் பிடித்தது.

கேள்வி: என் அப்பம்மா, 73, 74இல் விடிய நாலு மணிக்குப் பாண் வரிசையில் நின்ற கதையை இன்றும் சொல்வார். அது சிறிமா அம்மையார் ஆட்சியின் பிழையா? அமெரிக்காவுக்கும் அதில் பங்கு உண்டா?
(இளைஞர், கோண்டாவில்)

இரண்டும்தான் தம்பி. அப்பம்மா வரிசையில் நின்றார் என்றால், நான் மேசைக்கு மறுபக்கம் நின்றவன். எனக்கு அப்போது 19 வயது. ஊர்ச் சங்கக்கடையில், அதாவது கூட்டுறவுக் கடையில், மனேச்சருக்கு உதவியாள். பாண் வரிசை பேக்கரியில் நிற்கும். எங்களிடம் நின்றது அரிசி, மா, சீனி வரிசை. கூப்பன் புத்தகத்தில் அந்தக் கிழமைத் துண்டைக் கத்தரிக்கோலால் வெட்டிக் கம்பியில் குத்துவது என் வேலை. பின்னேரம் துண்டுகளை எண்ணிச் சாமான் கணக்கோடு ஒட்ட வேண்டும். ஒருநாள் ஒரு துண்டு குறைந்தது. சாக்குகளைக்கூட உதறிப் பார்த்தோம். கடைசியில் மனேச்சர் என் சம்பளத்தில் வெட்டிக்கொண்டார். வீட்டுக்குப் போய்க் கிணற்றடியில் சட்டையைக் கழற்றினால், முழங்கைக்குப் பின்னால் வியர்வையில் அந்தத் துண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது! அடுத்தநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். துண்டை வாங்கிக்கொண்டார், காசு வரவில்லை.

எங்கள் ஊரில் கோதுமை மாவுக்குப் பேரே அமெரிக்கன் மாதானே. இரண்டு கைகள் குலுக்கும் படம் போட்ட அமெரிக்க உதவிச் சாக்கு, தோய்த்தால் நல்ல துணி. எங்கள் வீட்டுத் தலையணை ஒன்றில் அந்தக் கைகள் வருடக்கணக்காகக் குலுக்கிக்கொண்டே இருந்தன.

சரி, விஷயத்துக்கு வருவோம். 1972இல் சோவியத் நாட்டில் விளைச்சல் பொய்த்தது. அவர்களின் ஆட்கள் சத்தமில்லாமல் அமெரிக்காவுக்குப் போய், ஒவ்வொரு தானியக் கம்பனியையும் தனித்தனியே பிடித்து, அந்த வருட அமெரிக்கக் கோதுமையில் ஏறத்தாழ காற்பங்கை வாங்கிவிட்டார்கள். ஒரு கம்பனி விற்றது மற்றக் கம்பனிக்குத் தெரியாது. அதைவிடப் பெரிய கூத்து, ஏற்றுமதியை ஊக்குவிக்க வாஷிங்டன் தன் காசிலேயே மானியமும் கொடுத்தது. பிறகு விழித்துக்கொண்டு அதைப் 'பெரிய தானியக் கொள்ளை' என்று அவர்களே அழைத்தார்கள். 1972 நடுப்பகுதியில் ஒரு புசல் கோதுமை, அதாவது எங்கள் கணக்கில் 27 கிலோ, 2 டொலருக்குக் குறைவு. 1974 தொடக்கத்தில் 5 டொலருக்கு மேல். அதற்கிடையில் எண்ணெய் விலை ஏறியது; எண்ணெயோடு உரமும் கப்பல் கூலியும் ஏறின.

தேயிலை விற்ற காசில் மாவும் அரிசியும் சீனியும் வாங்கிய நாடு நாங்கள். தேயிலை விலை அந்த வேகத்தில் ஏறவில்லை. மாக் கப்பல் குறைந்தது, வரிசை நீண்டது.

சிறிமா அரசின் பங்கும் குறைவில்லை. கிளிநொச்சியில் விளைந்த அரிசியை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவருகிறவனை வழியில் மறித்துக் கள்ளக் கடத்தல்காரன் மாதிரிச் சோதித்தார்கள். மரவள்ளிக் கிழங்கையும் ஒடியல் பிட்டையும் நாங்கள் ஆசைக்குச் சாப்பிடவில்லை. ஆனால் வெங்காயமும் மிளகாயும் வெளிநாட்டிலிருந்து இறக்கக்கூடாது என்று அடைத்ததும் அதே அரசுதான். அந்த இரண்டையும் விற்றுத்தான் எங்கள் அப்பு கல்வீட்டுக்கு அத்திவாரம் போட்டார். அப்பம்மாவிடம் கேளுங்கள், அந்த ஆட்சியைத் திட்டும்போதும் ஓரிடத்தில் குரல் இறங்கும்.

அமெரிக்காவிலும் சும்மா இருக்கவில்லை. தீவனம் விலையேற, இறைச்சி விலையேற, 1973 ஏப்ரல் முதல் கிழமை அங்குள்ள குடும்பப் பெண்கள் இறைச்சி வாங்க மாட்டோம் என்று பகிஷ்கரிப்புச் செய்தார்கள். வானொலியில் இதைக் கேட்டபோது சங்கக்கடையில் ஒரே சிரிப்பு. ஒரு கிழமை இறைச்சி சாப்பிடாததற்குச் செய்தியா என்று வரிசையில் நின்ற ஆச்சி ஒருவர் கேட்டார்.

கேள்வி: நிக்சன் கள்ளனா, இல்லையா? ஒரு வரியில் சொல்லவும்.
(வாசகர், நெல்லியடி)

'நான் கள்ளனல்ல' என்று 1973 நவம்பரில் அவரே சொன்னார். அதற்குப் பிறகுதான் பலர் நம்பத் தொடங்கினார்கள், கள்ளன் என்று.

ஒரு வரி முடிந்தது. ஆனால் நான் சொல்ல விரும்புவது வேறொருவரைப் பற்றி. ஃபிராங்க் வில்ஸ் என்ற 24 வயதுக் கறுப்பினக் காவலாளி. 1972 ஜூன் 17 அதிகாலை, வாட்டர்கேட் கட்டடத்தில் ஒரு கதவு பூட்டிக்கொள்ளாதபடி பூட்டு நாக்கில் ஒட்டுநாடா ஒட்டியிருப்பதைக் கண்டார். வேலைக்காரர் யாரோ ஒட்டியது என்று பிய்த்துப் போட்டார். ஒரு சுற்றுப் போய்வந்து பார்த்தால் திரும்பவும் ஒட்டியிருக்கிறது. பொலிசைக் கூப்பிட்டார். எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள், நிக்சனின் தேர்தல் குழுவோடு தொடர்புள்ள ஐந்து பேர் பிடிபட்டார்கள். அந்த நவம்பர்த் தேர்தலில் நிக்சன் 50 மாநிலத்தில் 49ஐ வென்றார் என்பதை நினைத்துப் பாருங்கள், இந்தக் களவுக்கு என்ன தேவை? பிறகு செனட் விசாரணை, தன் அறையில் தானே பதிவுசெய்து வைத்த ஒலிநாடாக்கள், அவற்றைக் கொடு என்று 8க்கு 0 என வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. 1974 ஓகஸ்ட் 9 வெளியேறினார். ஒரு மாதத்தில் ஃபோர்ட் அவருக்கு முழு மன்னிப்புக் கொடுத்தார். வில்ஸ் நிலையான வேலை கிடைக்காமல் அலைந்து, 2000இல் வறுமையில் செத்தார்.

கேள்வி: 2022இல் நாங்கள் கியூ.ஆர். குறியீட்டோடும் வாகன இலக்கத்தின் கடைசி எண்ணோடும் பெற்றோலுக்கு நின்றோம். அமெரிக்கக்காரன் இப்படி நின்றிருப்பானா?
(ஓட்டோ சாரதி, சாவகச்சேரி)

நின்றிருக்கிறான் தம்பி, இலக்கம் பார்த்தே நின்றிருக்கிறான். 1973 ஒக்ரோபர் அரபு – இஸ்ரேல் போரில் இஸ்ரேலுக்கு அமெரிக்கா ஆயுதம் அனுப்ப, அரபு நாடுகள் எண்ணெய் தரமாட்டோம் என்றன. பீப்பாய் 3 டொலர் அளவில் இருந்தது, 1974 ஜனவரியில் 12ஐ நெருங்கியது. பல மாநிலங்களில் ஒற்றை இலக்க வண்டிக்கு ஒரு நாள், இரட்டை இலக்க வண்டிக்கு மறுநாள். 1979இல் ஈரானில் ஷாவின் ஆட்சி கவிழ்ந்தபோது கலிபோர்னியாவில் திரும்பவும் அதே கதை.

பெற்றோல் மிச்சம் பிடிக்க மணிக்கு 55 மைலுக்கு மேல் ஓடாதே என்று நாடு முழுக்கச் சட்டம் போட்டார்கள். 1974 ஜனவரியில் மணிக்கூட்டை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள். பின்னேரம் வெளிச்சம் மிஞ்சும், மின்சாரம் மிஞ்சும் என்று கணக்கு. காலையில் பிள்ளைகள் கும்மிருட்டில் பள்ளிக்கூடம் போக, தாய்மார் கொதித்தெழ, அந்த ஒக்ரோபரில் மணிக்கூடு பழையபடி வந்துவிட்டது.

எனக்கு இதில் மிகப் பிடித்த இடம் கூப்பன். தொழில் அபிமானம்! தேவைப்பட்டால் பங்கீடு செய்யலாம் என்று 1974இல் அமெரிக்க அரசு 480 கோடி பெற்றோல் கூப்பன் அச்சடித்தது. ஜோர்ஜ் வாஷிங்டன் படம் வேறு. காசு மாற்றும் இயந்திரங்கள் அதை ஒரு டொலர் நோட்டு என்று ஏமாந்து விழுங்கக்கூடும் என்பது பிறகுதான் பிடிபட்டது. ஒரு கூப்பன்கூடப் பயன்படவில்லை. கொலராடோவில் இராணுவக் களஞ்சியமொன்றில் பத்து வருடம் கிடந்து, கடைசியில் அழிக்கப்பட்டது. ஒரு துண்டு குறைந்ததற்கு என் சம்பளத்தில் வெட்டிய மனேச்சரை அந்தக் களஞ்சியத்துக்குப் பொறுப்பாகப் போட்டிருக்க வேண்டும்.

தொண்ணூறுகளில் நாங்கள் மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டியதையும், ஸ்ராட் பண்ண மட்டும் ஊசிக் குழாயில் இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டதையும் பார்த்தால், அந்த அமெரிக்கன் என்ன சொல்லியிருப்பான் என்று சில நேரம் யோசிப்பேன்.

கேள்வி: அந்தப் பத்தாண்டில் அமெரிக்கப் பெண்களுக்கு எல்லா உரிமையும் வந்துவிட்டது என்று படித்தேன். சரியா?
(வங்கி உத்தியோகத்தர், மானிப்பாய்)

நீங்கள் வங்கியில் இருப்பதால் உங்களுக்கு ஏற்ற உதாரணம் ஒன்று. 1974 ஒக்ரோபர் வரை, அமெரிக்காவில் ஒரு பெண் கடனுக்கோ கடன் அட்டைக்கோ போனால், புருஷனின் கையெழுத்தைக் கொண்டுவா என்று வங்கி கேட்கலாம். தனியாக உழைக்கிறவளாக இருந்தாலும் கேட்கலாம். அந்த மாதம் வந்த சமவாய்ப்புக் கடன் சட்டம்தான் அதை நிறுத்தியது. சந்திரனுக்கு ஆள் அனுப்பி ஐந்து வருடம் கழித்து!

1973 ஜனவரியில் கருக்கலைப்பு உரிமையை உச்ச நீதிமன்றம் ஏற்றது; 2022இல் அதே நீதிமன்றம் அதைத் திருப்பிப் பறித்தது. ஆணும் பெண்ணும் சமம் என்று அரசியலமைப்பில் எழுதும் திருத்தம் 1972இல் கொங்கிரஸில் நிறைவேறியது. 38 மாநிலங்கள் ஒப்ப வேண்டும். 35 ஒப்பின, காலக்கெடு 1982இல் முடிந்தது. ஆகவே 'எல்லா உரிமையும்' என்பதை வெட்டிவிடுங்கள்.

சிரிக்க வேண்டாம், எங்கள் வீட்டுக்கும் வாருங்கள். யாழ்ப்பாணத் தமிழருக்கான தேசவழமைச் சட்டப்படி கலியாணமான பெண் தன் சீதனக் காணியைத் தானே விற்க முடியாது, புருஷனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். என் மனைவி தன் தாய் கொடுத்த காணியில் ஒரு துண்டை விற்றபோது, நொத்தாரிசு என் பக்கம் திரும்பி 'ஐயா, நீங்கள்தான் முதலில் வைக்க வேணும்' என்றார். என்னிடம் பேனாகூட இல்லை. மனைவி தன் கைப்பையைத் திறந்து, ஒன்றும் பேசாமல் தன் பேனாவை நீட்டினார். வைத்தேன்.

கேள்வி: டிஸ்கோ ஏன் செத்தது?
(வாசகர், குருநகர்)

செத்ததா? கலியாண மண்டபங்களில் கேட்டுப் பாருங்கள். 1979 ஜூலை 12 சிக்காகோவில் பேஸ்போல் மைதானத்தின் நடுவில் ஒரு பெட்டி டிஸ்கோ இசைத்தட்டை வெடிவைத்துத் தகர்த்தார்கள். கூட்டம் உள்ளே பாய்ந்ததில் மைதானம் நாசம், அடுத்த ஆட்டம் நடக்கவில்லை. கறுப்பினத்தவர், லத்தீன்காரர், ஒருபாலினர் ஆடிய இசை மீது வெள்ளை இளைஞருக்கு இருந்த எரிச்சலும் அதில் வெடித்தது என்று எழுதுகிறவர்கள் உண்டு. நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

டிஸ்கோ எனக்குச் செய்த கேடு ஒரு பெல்பொட்டம். 24 அங்குலம் வை என்று தையற்காரரிடம் அடம்பிடித்துத் தைத்தேன். முதல் நாளே கே.கே.எஸ். வீதியில் சைக்கிள் செயினுக்குள் போய், ஒரு காலில் 24ம் மறு காலில் கந்தலுமாக வீடு வந்தேன்.

கேள்வி: கார்ட்டர் நல்ல மனிதர் என்கிறார்கள். பிறகு ஏன் ரேகனிடம் அப்படித் தோற்றார்?
(ஓய்வுபெற்ற தபாலதிபர், காரைநகர்)

நல்ல மனிதர்தான். வீட்டுச் சூட்டைக் குறையுங்கள் என்று கம்பளிச் சட்டையோடு தொலைக்காட்சியில் வந்தார். வெள்ளை மாளிகைக் கூரையில் 1979இல் சூரியத் தகடு போட்டார். ரேகன் காலத்தில் அதைக் கழற்றினார்கள்; இன்று எங்கள் ஊர்க் கூரைகளில் பூட்டுகிறார்கள்.

அவர் தோற்றதற்கு ஈரானில் 444 நாள் அடைபட்டுக் கிடந்த பணயக் கைதிகளைத்தான் எல்லோரும் சொல்வார்கள். நான் வட்டியைச் சொல்வேன். விலையும் ஏறி வேலையின்மையும் ஏறினால் என்ன செய்வது என்று அதுவரை புத்தகத்தில் இல்லை. 1979 ஓகஸ்டில் மத்திய வங்கிக்குப் போல் வோல்க்கரைக் கொண்டுவந்தது கார்ட்டரேதான். விலையேற்றத்தை அடக்க வோல்க்கர் வட்டியை 20 வீதம் வரை ஏறவிட்டார். வீடு கட்டுகிறவர்கள், கடன் எடுக்க ஆளில்லை என்று, மரத்துண்டுகளில் கண்டனம் எழுதித் தபாலில் அவருக்கே அனுப்பினார்கள். தபாலதிபராகிய நீங்கள் அந்தப் பொதிகளை நிறுத்துப் பார்க்க ஆசைப்பட்டிருப்பீர்கள். 1980இல் ரேகனுக்கு 44 மாநிலம். விலையேற்றம் பிறகு இறங்கியது, பெயர் ரேகனுக்குப் போனது.

கேள்வி: 1977இல் ஜே.ஆர். கதவைத் திறக்க எங்கள் வெங்காயமும் மிளகாயும் விழுந்தன. அமெரிக்காவிலும் அதே காலத்தில் தொழிற்சாலைகள் மூடினவாமே, இரண்டும் ஒன்றா?
(விவசாயி, சுன்னாகம்)

ஒரே கயிற்றில் கட்டமாட்டேன். ஆனால் தேதிகள் நெருங்கித்தான் நிற்கின்றன.

ஒஹாயோ மாநிலத்தில் யங்ஸ்ரவுண் என்ற உருக்கு நகரம். 1977 செப்டெம்பர் 19, திங்கட்கிழமை. அங்குள்ள பெரிய ஆலையொன்றை மூடப்போவதாக அறிவித்தார்கள், ஏறத்தாழ 5000 பேரின் வேலை. அந்த நாளை இன்றும் அவ்வூர்க்காரர் கறுப்புத் திங்கள் என்கிறார்கள். யப்பானிலிருந்து உருக்கு மலிவாக இறங்கியது உண்மை. உலைகள் பழசு என்பதும் உண்மை. எட்டு வருடத்துக்கு முன் ஆலையை வாங்கிய கப்பல் கம்பனி, அதைப் புதுப்பிக்கப் பெரிதாகக் காசு போடவில்லை என்பதுதான் தொழிலாளிகளின் ஆத்திரம். மகனும் இதே ஆலையில்தான் என்று நினைத்திருந்த தகப்பன்மார், ஒரு திங்கள் காலையில் பத்திரிகையாளருக்குக் கொடுத்த அறிக்கையிலிருந்து விஷயத்தை அறிந்தார்கள்.

அந்த நவம்பரில் இங்கே வரவுசெலவுத் திட்டம். இறக்குமதிக் கதவு திறந்தது. ஏழு வருடம் அடைப்புக்குள் வளர்ந்த எங்கள் செம்மண் தோட்டங்களுக்கு யாரும் அறிக்கைகூடக் கொடுக்கவில்லை. சுன்னாகம் சந்தையில் விலை இறங்கியபோதுதான் தெரிந்தது. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்பு அந்த முறை விற்க மறுத்துவிட்டார். இறைப்பு மெஷினுக்கு ஊற்றிய எண்ணெய்க் காசுகூடத் தேறாது என்றார். வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டிக் கொட்டிலில் தூக்கினார். தினமும் பின்னேரம் போய்க் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பார். விலை ஏறுமென்று பார்த்தார். மாசியில் பச்சையாக முளை கண்டது. ஒரு விடியற்காலை என்னை எழுப்பி, ஏணியைப் பிடிக்கச் சொல்லி, எல்லாவற்றையும் இறக்கினார். கட்டை அவிழ்த்துப் பல்லுப் பல்லாகப் பிரித்துக் கடகத்தில் போட்டார். விதை வெங்காயமாக அதே தோட்டத்தில் திரும்பவும் நட்டார்.